பனிக்கட்டியின் வயது

0.01 டிகிரி. ஐம்பத்து நான்கு வயதுவரை அவள் சந்தேகப்படாத ஒரே விஷயம் இந்த எண்தான்.

மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். வீட்டைப் பூட்டினால் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் இரண்டு தடவை படிப்பாள். டாக்டர் காய்ச்சல் நூற்றொன்று என்றால், "எதுக்கும் இன்னொரு தெர்மாமீட்டர்ல பாருங்களேன் சார்" என்பாள். வெப்பமானிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும் ஆய்வகத்தில் இருபத்தொன்பது வருடமாக வேலை. அங்கே அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'ரெண்டுதடவை'. இரண்டுமே அவளுக்குத் தெரியும்.

இப்படி ஆனதற்கு ஒரு பால் கிடங்கு காரணம். இருபத்து நான்கு வயதில் கிடைத்த முதல் வேலை. மணிக்கு ஒருமுறை குளிர் அறையின் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நான்கு, நான்கு, நான்கு என்று பதினோரு நாள் எழுதினாள். பன்னிரண்டாம் நாள் கிடங்கு முழுக்கப் பால் திரிந்திருந்தது. முள் நான்கில் சிக்கிக்கொண்டு எத்தனை நாளாக நின்றதோ, யாருக்கும் தெரியவில்லை. "நாலு நாலுன்னு எழுதுனியேம்மா, ஒரு தடவையாவது கையை வச்சுப் பாத்தியா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். அந்தக் கேள்வி அவள் காதைவிட்டுப் போகவே இல்லை.

ஆய்வகத்தில் சேர்ந்து எட்டு வருடம் கழித்துத்தான் கையை வைத்துப் பார்க்கத் தேவையில்லாத ஒரு பொருள் அவள் பொறுப்புக்கு வந்தது. பெயர் மும்மைப் புள்ளிக் கலம். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளமுள்ள கண்ணாடிக் குழாய் அது. உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, சுத்தமான தண்ணீரை மட்டும் விட்டு, வாயை உருக்கி அடைத்திருப்பார்கள். நடுவில் கிணறு மாதிரி ஒரு மெல்லிய குழாய் கீழே இறங்கும். கிணற்றைச் சுற்றி விரல் தடிமனுக்குப் பனிக்கட்டியை உறைய வைத்தால், உள்ளே பனிக்கட்டி இருக்கும், தண்ணீர் இருக்கும், தண்ணீருக்கு மேலே அதன் ஆவியும் இருக்கும். மூன்றும் ஒரே அறையில் குடித்தனம் நடத்தும். ஒன்றை ஒன்று விழுங்காது. அப்படி மூன்றும் சேர்ந்து இருக்க முடிகிற வெப்பநிலை ஒன்றே ஒன்றுதான்: 0.01 டிகிரி. மலைமேல் வைத்தாலும் கடலோரத்தில் வைத்தாலும், கோடையானாலும் குளிரானாலும் அதேதான். எந்த வெப்பமானியை அந்தக் கிணற்றில் இறக்கினாலும் அது அந்த எண்ணைத்தான் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பொய் வெப்பமானியுடையது.

அதை அவள் 'நம்மாளு' என்பாள். இருபத்தொரு வருடமாக நம்மாளு ஒரு குளிர்த்தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தது. தொட்டிக்கு உருண்டையான மூடி, மூடிக்கு ஒரு பிடி. மூடினால் அந்தப் பிடி எப்போதும் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். அது அவள் வைத்த சட்டம். ஜன்னலைப் பார்த்து இருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பிடி ஜன்னலைப் பார்த்து இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்கு லீவுதான். ஆனால் மறுநாளிலிருந்து ஒப்பீடு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை தலைமை ஆய்வகத்திலிருந்து ஒருவர் அவர்களுடைய கலத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வருவார். அந்தக் கலத்தையும் உள்ளூர்க் கலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பார். இந்த முறை வந்தவர் நரைத்த மீசைக்காரர். ரயிலில் பெட்டிக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்து, அதை ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்து, தான் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து வந்தவர். ஆய்வகம் முழுக்க அவர் 'பெட்டிக்காரர்' ஆகிவிட்டார். அவர் கொண்டுவந்த கலம் 'விருந்தாளி'. போன செவ்வாய்க்கிழமைதான் விருந்தாளிக்கும் நம்மாளுக்கும் ஒரே நாளில் பனி உறைய வைத்திருந்தார்கள். புதுப் பனி உள்ளுக்குள் விறைத்துக்கொண்டு நிற்கும். உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அது தளர ஒரு வாரமாவது ஆகும். அதனால்தான் அந்த ஏற்பாடு.

இரண்டு கலத்துக்கும் உள்ள வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் நம்மாளுக்கு ஓய்வு. நான்கு வருடமாக அவள் கையெழுத்திட்ட சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தோண்டுவார்கள்: ரத்த வங்கி, மருந்துக் கிடங்கு, அவள் கணவர் வேலை பார்க்கும் வானிலை அலுவலகம். அதற்குமேல் அவள் கையெழுத்து செல்லாது.

பிடி ஜன்னலைப் பார்த்து இருந்ததும் அவள் மனதில் ஓடிய முகம் பிரஷருடையது.

பிரஷர் என்பது அவருடைய பிரிவின் பெயர். பதினாறு வருடம் அழுத்தமானிகளோடு இருந்துவிட்டு, போன வருடம்தான் வெப்பநிலைப் பக்கம் மாற்றலாகி வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, சத்தமாகத் தும்முவார், எல்லோரிடமும் சிரிப்பார். அந்தச் சிரிப்பே அவளுக்குப் பிடிக்காது. போன வியாழக்கிழமை தேநீர் இடைவேளையில் அவர் பெட்டிக்காரரிடம் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"இருபத்தொரு வருஷம் சார். கண்ணாடி கூடக் கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணியில கரையும்பாங்களே. புதுசு வாங்குனா நல்லதுதான?"

அது உண்மைதான். பழைய கலத்தில் கண்ணாடி தண்ணீரில் துளித்துளியாகக் கரையும். தண்ணீரின் சுத்தம் கெடும். எண் கீழே இறங்கும். இறங்கியது ஏறாது. ஆனால் அதை வெளியாளிடம் ஏன் சொல்ல வேண்டும்? சனிக்கிழமை முறைப்பணியும் அவருக்குத்தான். தொட்டியைத் திறந்திருக்கிறார். கலத்தைத் தூக்கியிருக்கிறார். எங்கேயோ இடித்திருக்கிறார். மயிரிழை விரிசல் விழுந்து காற்று நுழைந்திருந்தால் கதை முடிந்தது.

காற்று நுழைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கலத்தை மெதுவாகச் சாய்த்தால், தடுக்கக் காற்று இல்லாததால் தண்ணீர் கண்ணாடியில் போய் 'டக்' என்று உலோகம்போல் மோதும். காற்று இருந்தால் 'ளொளக்' என்று மெத்தென்று கேட்கும். ஆனால் பனிக்கட்டி இருக்கும்போது அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்காது. அவள் ஐந்து நிமிடம் யோசித்தாள். பிறகு நம்மாளை வெளியே எடுத்து, ஐந்து நாள் வயதான பனியை உருக்கினாள்.

சாய்த்தாள். டக்.

எதற்கும் இன்னொரு தடவை. டக்.

நம்மாளுக்கு ஒன்றுமில்லை. மூச்சு வந்தது. அதற்கு அப்புறம்தான் மணி பார்த்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அளவீடு. உலர்பனித் தூளைக் கிணற்றுக்குள் வேகவேகமாகக் கொட்டினாள். வழக்கமாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு செய்வதை இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தாள். பனி வெள்ளையாகக் கீறல் கீறலாக உறைந்தது. கண்ணாடிக் கம்பியை உள்ளே விட்டு, கிணற்றை ஒட்டிய பனியை மெல்லிய படலமாக உருக்கி, பனிக்கட்டி தளர்ந்து சுழல்கிறதா என்று பார்த்தாள். சுழன்றது. தொட்டியில் வைத்து மூடினாள். பிடி சுவரைப் பார்த்தது.

பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. எழுதினால் பிரஷர் படிப்பார். தான் கண்டுபிடித்துவிட்டது தெரிந்தால் அடுத்த தடவை ஜாக்கிரதையாகிவிடுவார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

திங்கட்கிழமை பெட்டிக்காரர் டார்ச் விளக்கை நம்மாளின்மேல் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பனி என்னிக்கு வச்சதும்மா?"

"போன செவ்வாய்க்கிழமை சார். நீங்களும்தான் கூட இருந்தீங்களே."

"ஆமாமா, இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு நோட்டை எடுத்து ஏதோ எழுதி, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியவில்லை.

அன்றைய வித்தியாசம் பத்தாயிரத்தில் மூன்று. நம்மாளு விருந்தாளியைவிடக் கீழே.

"ஐயோ" என்றார் பிரஷர். அந்த ஐயோவில் வருத்தம் எத்தனை சதவீதம், சந்தோஷம் எத்தனை சதவீதம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை மூன்றுக்கு ஒரு சொட்டுக் குறைவு. காரணம் இரண்டில் ஒன்று. புதுப் பனியின் விறைப்பு என்றால் நாளாக நாளாகத் தானே ஏறும். கண்ணாடி கரைந்தது என்றால் ஏறவே ஏறாது. நேற்றையிலிருந்து இன்றைக்குள் ஏறிய அந்தச் சொட்டு உண்மையா, கருவியின் தடுமாற்றமா? ஒரு வாரம் இருந்தால் தெரிந்துவிடும். ஆனால் பெட்டிக்காரருக்கும் பெட்டிக்கும் வியாழக்கிழமை காலை ரயில். உண்மையைச் சொல்லலாம். சொன்னால், திங்கட்கிழமை முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினாள். கணவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வானிலை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். முப்பது வருடத்துக்கு முன்னால் கல்யாணத்தன்று 'மழை வராது' என்று சொன்னவர். பந்தலே மிதந்தது. அன்றிலிருந்து அவர் வெயில் என்று சொல்லும் நாட்களில் அவள் குடை எடுத்துப் போவாள்.

"பெட்டிக்காரர் வியாழக்கிழமை எப்படிப் போறாரு?" என்று கேட்டார்.

"ரயில்ல."

"பாலத்து வழியா போற ரயிலா? ஓடாது."

"நீங்க சொல்லிட்டீங்கல்ல, கண்டிப்பா ஓடும்."

அவர் சிரித்துக்கொண்டே அவள் தட்டை இழுத்து, ரொட்டித் துண்டுகளை வரிசையாக அடுக்கினார். "இங்க பாரு. இது வெதுவெதுப்பான காத்தோட முன்வரிசை. மேப்புல சிவப்புக் கோடு. இது குளிர்காத்தோட முன்வரிசை, நீலக் கோடு. நீலத்துக்கு வேகம் ஜாஸ்தி. பின்னாடியே தொரத்திட்டு வந்து சிவப்பைப் புடிச்சிரும். புடிச்சதும் வெதுவெதுப்புக் காத்துக்குத் தரையில எடம் இல்ல, மேல தூக்கிடும். அப்ப ரெண்டும் சேந்து ஊதாக் கோடு. இந்த நீலம், சிவப்பு, ஊதா மூணும் முட்டிக்கிற மூலை இருக்கு பாரு, அதுக்கு எங்க ஆபீஸ்ல என்ன பேருன்னு சொல்லு."

"எனக்கெப்படித் தெரியும்?"

"மும்மைப் புள்ளி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என் வேலையைக் கிண்டல் பண்றீங்களா?"

"சத்தியமா அதான் பேரு."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவள் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஊதாக் கோட்டில் ஒரு பகுதி காணாமல் போனது. "எங்க மும்மைப் புள்ளி இருபத்தொரு வருஷமா ஒரே எண்ணுல நிக்குது. உங்களுது?"

"மணிக்கு நாப்பது கிலோமீட்டர்ல ஓடுது."

"எங்களுதுல மூணும் சண்டை போடாம இருக்கும்."

"எங்களுதுல அங்கதான் புதுச் சண்டையே ஆரம்பிக்கும். பழைய புயல் அந்தப் பக்கம் ஓய்ஞ்சு போயிட்டிருக்கும். இந்த மூலையில புதுசா ஒரு தாழ்வழுத்தம் சுத்த ஆரம்பிக்கும். அது நாளைக்கு சாயங்காலம் சரியா நம்ம தலைமேல. மூணு நாள் எங்கயும் நகராது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொல்வது பலிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதாலேயே சந்தேகம் இரண்டு மடங்கானது. மூணு நாள் என்று ஏன் அவ்வளவு சரியாகச் சொல்கிறார்? என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலுக்குச் சொல்கிறாரா? மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டாள். எடுத்த பிறகு அதைத் திரும்ப மாட்டினாள். அப்புறம் மறுபடி எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை வித்தியாசம் பத்தாயிரத்தில் இரண்டரை. மதியம் வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. பெட்டிக்காரர் விருந்தாளியைப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பிக்கவில்லை. ஜன்னலருகில் நின்று பிரஷரோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"என்ன சார், நான் வந்ததும் நிப்பாட்டிட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, ரயிலைப் பத்திதான்" என்றார் பெட்டிக்காரர். பிரஷர் தும்மினார்.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. பழைய கலம், புதுக் கலம், கூட்டுச் சதி. ஆய்வக இயக்குநரின் மேஜைக்குப் போகப்போகும் அறிக்கையின் வாசகம்கூட அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

மாலை ஐந்தரைக்குக் காற்று வந்தது. வாசல் தகரக் கூரை முனகியது. ஆறு மணிக்கு மழை நேராகப் பெய்யாமல் படுக்கை வாட்டில் பெய்தது. வியாழக்கிழமை காலை வானொலியில் பாலம் மூடப்பட்டதாகச் சொன்னார்கள். ரயில் நிலையத்துக்குப் போன் செய்தாள். நம்பாமல் இன்னொரு தடவை செய்தாள். எதிர்முனையில் இருந்தவர், "அம்மா, இப்பதான நீங்களே கேட்டீங்க?" என்றார்.

கணவர் பல் துலக்கிக்கொண்டே குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். புருவத்தை மட்டும் இரண்டு தடவை தூக்கினார்.

"கல்யாணப் பந்தலுக்கு இது ஈடாகாது" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

மாட்டிக்கொண்ட பெட்டிக்காரர் சும்மா இருக்கவில்லை. இருக்கிற வரை அளப்போம் என்றார். வியாழக்கிழமை இரண்டு. ஏறுகிறது. ஆனால் பத்தாயிரத்தில் ஒன்று என்ற எல்லைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஏறுவது அங்கேயே நின்றுவிட்டால்?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முட்டிவரை நனைந்து ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது விளக்குகள் எரியவில்லை. மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஜெனரேட்டர் அறையில் தண்ணீர். அவள் நேராகத் தொட்டி அறைக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது.

உள்ளே பிரஷர் தொட்டிக்குமுன் மண்டியிட்டிருந்தார். சட்டைக் கை முழங்கைவரை சுருட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் வாளி நிறைய நொறுக்கிய பனி. கையால் அள்ளி அள்ளித் தொட்டிக்குள், கலத்தைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் சிவந்து விறைத்திருந்தன. அவளைப் பார்த்ததும் திருடன் மாதிரி சட்டென்று எழுந்து, மூடியை எடுத்துத் தொட்டியின்மேல் வைத்தார்.

பிடி ஜன்னலைப் பார்த்தது.

அவள் பிடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். இடது கைக்காரர். மூடியை எடுத்து வைத்தால் இயல்பாகவே அப்படித்தான் அவருக்கு வரும்.

"போன சனிக்கிழமை கரண்ட் போச்சா?" என்று கேட்டாள்.

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "மத்தியானம் ஒரு மணிலேர்ந்து நாலு வரைக்கும், அக்கா. பக்கத்து மருந்துக் கிடங்குல போய் பனி கேட்டு வாங்கியாந்து அடைச்சேன். உள்ள பனிக்கட்டிக்கு ஒண்ணும் ஆகல."

"பதிவேட்டுல ஏன் எழுதல?"

"எழுதவா?" பிரஷர் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினார். "நாலு மாசத்துக்கு முன்னாடி மூடியைத் தொடைச்சேன்னு ஒரு வரி எழுதுனேன். அதுக்கு நீங்க இயக்குநருக்கு ரெண்டு பக்கம் எழுதி, எங்கிட்ட விளக்கக் கடிதம் வாங்குனீங்க. மூடியைத் தொடைச்சதுக்கே கடிதம். தொட்டிக்குள்ளயே கையை விட்டேன்னு எழுதுனா என்னைத் தூக்குல போடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அதே வாரத்தில் அந்தக் கேள்வி அவளை நோக்கி வருவது இரண்டாவது தடவை. நனைந்த செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தாள். தொட்டிக்குள் நம்மாளு சும்மா நின்றுகொண்டிருந்தது. போன சனிக்கிழமை இந்த மனிதர் மூன்று மணி நேரம் கை விறைக்கக் காப்பாற்றிய பனியை, ஞாயிற்றுக்கிழமை அவள்தான் உருக்கிக் கொட்டினாள். யாரும் எதையும் கெடுக்கவில்லை. வித்தியாசத்துக்குக் காரணமான பனியை வைத்தவள் அவள். மறைத்தவளும் அவள்.

"இன்னொரு வாளி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

இருவரும் சேர்ந்து பனியை நொறுக்கினார்கள். பதினொன்றே முக்காலுக்கு மின்சாரம் வந்தது. அதற்குப் பிறகு அவள் பதிவேட்டை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய காலி வரியில் எழுதாமல், அன்றைய தேதி போட்டு, அன்றைய பக்கத்தில் எழுதினாள். மூடியின் பிடி மாறியிருந்ததால் சந்தேகப்பட்டு ஞாயிறு காலை பழைய பனியை உருக்கியது. இருபத்தைந்து நிமிடத்தில் புதுப் பனி உறைய வைத்தது. திங்கட்கிழமை கேட்டபோது செவ்வாய் என்று தவறாகச் சொன்னது. கீழே கையெழுத்து. இரண்டு தடவை படித்தாள். எதையும் அடிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்காரர் முன்னால் வைத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்பு நோட்டை எடுத்து, திங்கட்கிழமைப் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கமாகத் தள்ளினார். இரண்டே வரி.

'சொன்ன வயது: ஆறு நாள். பார்த்த வயது: ஒரு நாள்.'

"அன்னிக்கே தெரியுமா சார்?"

"டார்ச் அடிச்சுப் பாத்தேனே. பழைய பனி கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருக்கும். உங்க பனியில மயிர் மயிராக் கீறல். அவசரமா வச்ச பனின்னு அதுவே சொல்லுது. முப்பது வருஷமா இதத்தானம்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டேனே. நீங்க செவ்வாய்க்கிழமைன்னீங்க." அவர் நோட்டை மூடினார். "கலத்துல ஏதோ கோளாறு, அதை மறைக்கத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். உங்க சிநேகிதரையும் தோண்டித் தோண்டிக் கேட்டேன். மனுஷன் ஒரு வார்த்தை உங்களுக்கு எதிராச் சொல்லல. 'அக்கா தப்பு பண்ண மாட்டாங்க சார், தப்பு கண்டுபுடிப்பாங்க'ன்னாரு. புதுக் கலம் கேட்டதுகூட, ரெண்டு இருந்தா ஒண்ணை ஒண்ணு வச்சுப் பாத்துக்கலாம், அக்காவுக்கு நிம்மதியா இருக்கும்னுதானாம்."

ஜன்னல் ஓரத் தாழ்ந்த குரல் பேச்சு அதுதான். அவளுக்குக் காது சுட்டது.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மேகம் கிழிந்து கிழிந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மூவரும் தொட்டி அறையில் நின்றார்கள். அவள் வெப்பமானியை விருந்தாளியின் கிணற்றில் இறக்கி, அரை மணி நேரம் பொறுத்து, எண்ணைச் சொன்னாள். பிரஷர் எழுதினார். பிறகு நம்மாளின் கிணற்றில் இறக்கினாள். கருவியின் கடைசி இலக்கங்கள் தயங்கித் தயங்கி நின்றன. பெட்டிக்காரர் கழித்துப் பார்த்தார்.

"பத்தாயிரத்துல அரை" என்றார்.

"இன்னொரு தடவை" என்றாள் அவள்.

"நான் சொல்ல வந்தேன்" என்றார் பிரஷர்.

இன்னொரு தடவையும் அரைதான். கண்ணாடி கரையவில்லை. நம்மாளுக்கு இருபத்தொரு வயதில் ஒரு குறையும் இல்லை. பெட்டிக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். கீறல்கள் மறைந்து பனி தெளிந்திருந்தது.

"ஞாயிறு டு சனி" என்று விரல்விட்டு எண்ணினார். "அன்னிக்கு நீங்க சொன்ன வயசு இன்னிக்குத்தாம்மா வந்திருக்கு."

அவள் சிரிக்க நினைத்தாள், வரவில்லை. "அறிக்கையில இதையும் எழுதுவீங்களா சார்?"

"எழுதாம? சனிக்கிழமை எண்ணை எடுத்துக்குவேன். கலம் தேறிடுச்சு, சான்றிதழ் எதையும் தோண்ட வேண்டியதில்ல. ஆனா திங்கட்கிழமை எண்ணும் இருக்கும். நீங்க சொன்னதும் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள். "எழுதலைன்னா உங்களையும் சந்தேகப்பட வேண்டியிருக்கும்."

அன்று மதியம் வீட்டுக்குப் போனபோது கணவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை வெயில்" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "பாலம் திறந்துருவாங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

திங்கட்கிழமை அவள் குடை எடுத்துக்கொண்டுதான் ரயில் நிலையம் போனாள். வெயில் அடித்தது. குடையை விரிக்கவில்லை, மடக்கியே வைத்திருந்தாள். பெட்டி ஜன்னலோரம் உட்கார, பெட்டிக்காரர் நடைபாதைப் பக்கம் உட்கார, ரயில் ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பியது.

அறிக்கை ஐந்து வாரம் கழித்து வந்தது. கலம் தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கலாம் என்று அதில் இருந்தது. பதினொன்றாம் பக்கத்தில் பனிக்கட்டியின் வயது பற்றிய குறிப்பும் இருந்தது. இயக்குநர் அவள் கையெழுத்தை ரத்து செய்யவில்லை. அடுத்த ஆறு மாதத்துக்கு அவள் தரும் ஒவ்வொரு சான்றிதழிலும் இரண்டாவதாக இன்னொருவர் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தக் கையெழுத்து பிரஷருடையது. முதல் சான்றிதழ், வானிலை அலுவலகத்தின் பன்னிரண்டு வெப்பமானிகளுக்கானது, வரும் புதன்கிழமை போகிறது.